ஸ்கின்சூட் ஜிப்பைக் கடைசியில் இழுங்கள்

டிராக் சைக்கிள் பந்தயத்துக்கு வார்ம்-அப் செய்யும்போது ஸ்கின்சூட்டை (உடம்போடு ஒட்டும் ஒரே துண்டான பந்தய உடை) இடுப்பு வரை மட்டும் ஏற்றிக்கொண்டு, மேலே மெல்லிய பனியனோடு மின்விசிறிக்கு முன்னால் ரோலரில் (சைக்கிளை நின்ற இடத்திலேயே ஓட்ட உதவும் உருளைகள்) மிதியுங்கள். கைகளை நுழைத்து ஜிப்பை இழுப்பதும், துளையில்லாத ஏரோ ஹெல்மெட்டை மாட்டுவதும் உங்கள் முறைக்குச் சற்று முன்னால் போதும்.

4 கி.மீ. பர்சூட் (தடத்தின் எதிரெதிர்ப் பக்கங்களிலிருந்து கிளம்பும் பந்தயம்) நான்கைந்து நிமிடத்தில் முடிந்துவிடும். அதற்குள் மூடிய ஹெல்மெட்டால் உடம்பு பெரிதாகச் சூடேறாது. சூடெல்லாம் ஏறுவது ரோலரில்தான். வண்டி நகராததால் எதிர்க்காற்றே கிடையாது, வியர்வை உலராமல் வழிந்துகொண்டே இருக்கும். போதாததற்கு உள்ளரங்க வெலோட்ரோம்களை (சைக்கிள் பந்தயத் தட அரங்குகள்) வேண்டுமென்றே வெதுவெதுப்பாக வைப்பார்கள்: 10 டிகிரி கூடினால் காற்றின் அடர்த்தி சுமார் 3 சதவீதம் குறையும், வேகம் கூடும். நேரத்துக்கு நல்லது, காத்திருக்கும் உங்களுக்குத்தான் அவஸ்தை. கழுத்தில் குளிர்ந்த ஈரத்துண்டு போட்டுக்கொள்ளலாம். தொடைக்கு மட்டும் ஐஸ் வேண்டாம், தசை குளிர்ந்தால் மிதியில் வலு இறங்கும்.

ஆண்களுக்கான 50 கி.மீ. மேடிசன் (இருவர் மாறி மாறி ஓட்டுவது), 40 கி.மீ. பாயிண்ட்ஸ் ரேஸ் (இடையிடையே புள்ளிகள் சேர்ப்பது) போன்ற நீண்ட பந்தயங்களுக்கு இது போதாது. முக்கால் மணி நேரத்துக்கு மேல் சூடு சேர்ந்துகொண்டே போகும் என்பதால், கொஞ்சம் காற்றுத்தடை கூடினாலும் துளையுள்ள ஹெல்மெட்டே மேல். 200 மீட்டர் ஸ்பிரிண்டுக்கோ குளிர்விப்பு தேவையே இல்லை. அங்கே தசை சூடாக இருப்பதுதான் லாபம்.