தொற்றுக் காலத்தில் ஆய்வு உதவித்தொகை நிற்காமல் பார்த்துக்கொள்ள

புதுவைப் பல்கலைக்கழகத்தின் காலாப்பட்டு வளாகத்தைப் பூட்டினாலும் யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) தரும் ஜேஆர்எஃப் என்ற இளநிலை ஆய்வு உதவித்தொகை வரும். ஆனால் பல்கலைக்கழகம் மாதாமாதம் கனரா வங்கித் தளத்தில் மாணவரின் பெயரை உறுதிசெய்தாக வேண்டும். அலுவலகத்தில் ஒருவர் பதிவேற்றுவார், இன்னொருவர் ஒப்புதல் தருவார். இருவரில் ஒருவர் காய்ச்சலில் படுத்தாலும் பணம் நின்றுவிடும். மாற்று ஆளுக்கு முன்கூட்டியே அனுமதி வாங்கி வையுங்கள். நெறியாளர் கையெழுத்துக்காகக் கடலூரிலிருந்து மாணவரை வரவழைக்காதீர்கள். ஸ்கேன் நகலே போதுமென எழுத்தில் கொடுங்கள்.

பலர் ஏமாறுவது கால நீட்டிப்பில்தான். கொரோனாவால் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க அவகாசம் நீட்டிய யுஜிசி, உதவித்தொகை மட்டும் 5 ஆண்டுகளுக்கு மேல் கிடையாது என்று 2021 மார்ச்சில் சொல்லிவிட்டது. அவகாசம் உண்டு, சோறு இல்லை! அந்த மாதங்களுக்குத் துறையின் ஆய்வுத் திட்டங்களில் உதவியாளர் பணி கொடுங்கள். நெட் (தேசியத் தகுதித் தேர்வு) இல்லாமல் மாதம் 8,000 ரூபாய் உதவித்தொகையில் ஓட்டுபவர்களை முதலில் கவனியுங்கள்.