அஸ்திவாரச் சுவருக்கு எத்தனை இன்ச் பிளாக்? தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் வேலைக்குப் புதிதாக வந்த பையன் ஒருவன் ஒரு வரைபடத்தைக் கொண்டுவந்து காட்டினான். சரிவான மனை. அஸ்திவாரச் சுவர் முன்பக்கம் 2 அடி, பின்பக்கம் 5 அடி, சுற்றிலும் ஒரே மாதிரி 6 இன்ச் ஹாலோ பிளாக், அதாவது நடுவே ஓட்டை உள்ள கான்கிரீட் கல். "ஒரு மாடிதானே சார், தாங்கும்" என்றான். அதே வார்த்தையைச் சொல்லித்தான் நானும் ஒரு காலத்தில் மாட்டிக்கொண்டேன். மட்டமான பிளாக் வாங்காதே, சுவரை நனைக்க மறக்காதே என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும், அதை விட்டுவிடுகிறேன்.

மேலே வரும் எடையை மட்டும் பார்ப்பது

இதை நினைத்தால் இன்னும் எரிச்சல் வருகிறது. என் மனையும் சரிவுதான், பின்பக்கம் ஐந்தடிக்குக் கொஞ்சம் மேல். சுவர் எழுப்பி, உள்ளே மண் கொட்டி, மண் நன்றாக இறங்கட்டும் என்று ராத்திரி முழுக்க ஹோஸைப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன். காலையில் மேல்வரியில் நூல் பிடித்துப் பார்த்தால் நடுவில் ஒன்றரை இன்ச் வெளியே தள்ளி நிற்கிறது. வெளியே பெரிதாகக் கீறல்கூட இல்லை, கொத்தனார் "பூச்சில் சரிபண்ணிடலாம்" என்றார். மண்ணை வாரி எடுத்த பிறகுதான் தெரிந்தது, உள்பக்கம் முதல் வரிக் கலவை படுக்கைவாட்டில் நீளத்துக்குப் பிளந்து, நகம் உள்ளே போகிறது. அந்தப் பக்கச் சுவர் முழுவதையும் இடித்தோம்.

மேலிருந்து இறங்கும் எடை அஸ்திவாரச் சுவருக்கு எதிரி இல்லை, சொல்லப்போனால் துணை. அது சுவரை அழுத்திப் பிடிக்கிறது. உடைப்பது பக்கவாட்டில் தள்ளும் மண். அந்த மண்ணின் உயரம் 2 அடியிலிருந்து 4 அடியானால் சுவரின் அடியில் வளைக்கும் விசை இரண்டு மடங்கு ஆவதில்லை, எட்டு மடங்கு ஆகிறது. ஆனால் தடிமனை இரட்டிப்பாக்கினால் ஓட்டையில்லாத சாலிட் பிளாக்கிலேயே வளைவைத் தாங்கும் பலம் நாலு மடங்குதான் கூடும். உயரம்தான் எப்போதும் ஜெயிக்கும். அதோடு, தண்ணீர் வடியாமல் நின்றுவிட்டால் அதே மண் காய்ந்திருந்தபோது தள்ளியதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் தள்ளும். நான் ராத்திரி முழுக்க செய்தது அதைத்தான், அதுவும் சுவர் மேல் எடை ஒன்றும் இல்லாத நேரத்தில்.

அதனால் தடிமனை முடிவு செய்வதற்கு முன் ஒவ்வொரு பக்கமும் தனித்தனியாக அளக்க வேண்டியது, சுவரின் இருபுறமும் உள்ள மண் மட்டங்களுக்கு இடையேயான வித்தியாசம். சுவரின் மொத்த உயரம் இல்லை. அப்புறம் மண் மணலா களிமண்ணா, சுவரின் தலையைத் தளமோ பீமோ பிடித்திருக்கிறதா என்று பாருங்கள். தலை பிடித்திருந்து, மண்ணும் நன்றாக வடியும் என்றால் 4 அடி வித்தியாசம் வரை கம்பியில்லாத 8 இன்ச் ஹாலோ பிளாக் நிற்கும். தலை சும்மா நிற்கிறதென்றால் 3 அடிக்கு மேல் வெறும் பிளாக்கை நான் நம்புவதில்லை: ஓட்டைகளில் கம்பி இறக்கி கான்கிரீட் நிரப்ப வேண்டும், எத்தனை கம்பி என்பதைப் பொறியாளர் கணக்குப் போட்டுத் தரட்டும்.

கம்பியைத் தப்பான பக்கம் வைப்பது

தலை பிடிக்காத சுவரில் கம்பி மண் பக்கம். மேலேயும் கீழேயும் பிடித்த நிலவறைச் சுவரில் மண்ணுக்கு எதிர்ப்பக்கம். மாற்றி வைத்தால் கம்பி இருந்தும் பெரிதாகப் பலன் இல்லை.

"8 இன்ச்" என்ற பெயரை நம்புவது

டேப் வைத்து அளந்து பாருங்கள், பல பிளாக்குகள் 190 மில்லிமீட்டர்தான் இருக்கும், மீதி கலவைக்கு. கணக்கில் அந்த 190-ஐத்தான் போட வேண்டும். ஹாலோவில் நடுவே காற்று என்பதையும் மறக்காதீர்கள், சாலிட் பிளாக்குக்குப் போட்ட கணக்கு அதற்குச் செல்லாது.

மேல்சுவரை விட ஒல்லியாக வைப்பது

வேண்டாம்.

ஏஏசி பிளாக்

காற்றுக் குமிழி நிறைந்த லேசான கான்கிரீட் கல், தண்ணீரை உறிஞ்சும். மண்ணுக்கு மேலே மட்டும்.

அவசரப்பட்டு மண் கொட்டுவது

மேல் பீம் போட்டு இறுகிய பிறகு கொட்டுங்கள், முடிந்த இடத்தில் இரண்டு பக்கமும் சேர்த்து, அரையடி அரையடியாக, ஒவ்வொரு அடுக்கையும் லேசாக நனைத்து இடித்து. முன்னாடியே கொட்டித்தான் ஆக வேண்டும் என்றால் எதிர்ப்பக்கம் முட்டுக் கொடுத்துவிட்டுக் கொட்டுங்கள். ஹோஸைப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடாதீர்கள்.