ஜப்பான் காரின் வழிகாட்டியோடு மல்லுக்கட்டாமல் ஊர் சுற்றுவது எப்படி?

சாவியைத் திருப்பியதும் ஒரு பெண்குரல்: "ஈடிசி காதோ கா சோன்யூ சரேத்தே இமாசென்." ஜப்பான் கார் வைத்திருக்கும் பலருக்கு இந்த வசனம் மனப்பாடம். முதல்முறை எங்கள் காரில் ஏறிய அம்மா, "ஆருடா அது, வெள்ளன எழும்பினதும் ஏசுறா?" என்று கேட்டா. ஏச்சு இல்லை. ஜப்பான் நெடுஞ்சாலைகளில் காசு கட்டும் அட்டை செருகப்படவில்லை என்கிறா, அவ்வளவுதான். மட்டக்களப்புக் கல்லடிப் பாலத்தில் காசு அறவிடும் நாள் வரும்வரை அந்த அட்டை நமக்குத் தேவையில்லை.

2025 பெப்ரவரியில் இலங்கைக்குத் தனியார் வாகன இறக்குமதி மறுபடி திறந்ததில் இருந்து, கார் எடுத்த நண்பர்கள் கேட்பது ஒரே கேள்விதான்: "மச்சான், இந்த ஸ்கிரீனை இங்கிலீசுக்கு மாத்தலாமா? மேப் வேலை செய்யுமா?" ஜப்பான் உள்ளூர்ச் சந்தைக்குச் செய்த செட் (திரையும் ரேடியோவும் வழிகாட்டியும் சேர்ந்த பெட்டி) என்றால் பெரும்பாலும் இரண்டும் நடக்காது. அதற்காகச் செட்டைக் கழற்றி எறியவும் வேண்டாம். ரிவர்ஸ் கமரா, ஸ்பீக்கர், ஸ்டியரிங் பட்டன்கள் எல்லாம் அதில்தான் தொங்கிக்கொண்டிருக்கின்றன. வழிகாட்டும் வேலையைப் போனுக்குக் கொடுத்துவிட்டு, செட்டை ஸ்பீக்கராக மட்டும் வைத்துக்கொள்ளலாம். நான் செய்த வரிசையிலேயே சொல்கிறேன்.

படி 1: தொடுவதற்கு முன் யோசியுங்கள்

செட்டில் ஜிபிஎஸ் பழுதில்லை. செய்மதிகள் உலகம் முழுக்க ஒரே சிக்னலைத்தான் அனுப்புகின்றன. நம் கார் எங்கே நிற்கிறது என்று செட்டுக்கும் தெரியும். ஆனால் அந்த இடத்தை வரைந்துகாட்ட அதனிடம் படம் இல்லை. மெமரி கார்டிலோ உள்ளே இருக்கும் ஹார்ட் டிஸ்கிலோ இருப்பது ஜப்பான் வரைபடம் மட்டும். எங்கள் காரில் திரை முழுக்க வெறுமை, நடுவில் ஒரு சின்ன அம்புக்குறி. ஆரையம்பதி மெயின் றோட்டில் போகும்போதும் அதே வெறுமைதான்.

அந்த மெமரி கார்டை வெளியே எடுத்து "பாட்டு ஏத்துவம்" என்று ஃபோர்மட் செய்துவிடாதீர்கள். சில செட்டுகள் அந்தக் கார்டு இல்லாவிட்டால் பாட்டுக்கூடப் பாடாது. அடுத்தது பற்றரி. பற்றரியைக் கழற்றி மாட்டினால் இரகசிய இலக்கம் கேட்டுப் பூட்டிக்கொள்ளும் செட்டுகள் உண்டு. பற்றரி மாற்றப் போகும்போது, மின்சாரம் அறாமல் மாற்றித் தரச் சொல்லி கராஜில் முன்கூட்டியே கேளுங்கள்.

படி 2: அந்த அக்காவை அமைதியாக்குங்கள்

குரல் வருவது பெரும்பாலும் செட்டில் இருந்து இல்லை. டாஷ்போட்டுக்குக் கீழேயோ, பொருள் வைக்கும் பெட்டிக்குள்ளேயோ தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரிதாக, அட்டை செருகும் வாயோடு ஒரு கறுப்புப் பெட்டி இருக்கும். சத்தம் குறைக்கும் பட்டன் அதிலேயே இருந்தால் நல்லது. இல்லையென்றால் வயரிங் வேலை தெரிந்தவரிடம் அந்தப் பெட்டியின் பிளக்கை மட்டும் கழற்றச் சொல்லுங்கள். ஐந்து நிமிட வேலை.

மணிக்கூடு மூன்றரை மணித்தியாலம் முன்னால் ஓடினால் அது ஜப்பான் நேரம். சில செட்டுகளில் கையால் திருத்தினாலும், செய்மதியைப் பார்த்துவிட்டுத் திரும்பத் தன் நேரத்துக்கே போய்விடும். நான் கழித்துப் பார்க்கப் பழகிவிட்டேன்.

படி 3: திரையை வாசியுங்கள்

போனில் கூகுள் லென்ஸைத் திறந்து செட்டின் திரைக்கு நேரே பிடித்தால் ஜப்பான் எழுத்து மொழிபெயர்ந்து தெரியும். வெளிச்சம் அடித்து எழுத்து ஆடினால், முதலில் ஒரு படம் எடுத்து அந்தப் படத்தை மொழிபெயருங்கள். "செத்தேய்" என்றால் அமைப்புகள், "ஜிதாக்கு" என்றால் சொந்த வீடு. பழைய சொந்தக்காரர் சேமித்த வீடு, தொலைபேசி இலக்கங்கள் உள்ளே கிடக்கலாம். மரியாதைக்கு அவற்றை அழித்துவிடுங்கள்.

ஸ்டியரிங்கில் பேசும் முகத்தின் படம் போட்ட பட்டனை அமத்தினால் செட் காது கொடுக்கும், ஜப்பான் மொழிக்கு மட்டும். "கல்முனைக்குப் போ" என்று நான் நாலு விதமாகச் சொல்லிப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் மிகப் பணிவாக ஏதோ கேட்டது. பின்சீற்றில் இருந்த மருமகன் சிரித்த சிரிப்பு இன்னும் நிற்கவில்லை. அந்தப் பட்டனை மறந்துவிடுங்கள்.

படி 4: போனைத் தயாராக்குங்கள்

வீட்டு வைஃபையில் இருக்கும்போதே கூகுள் மேப்ஸில் ஒஃப்லைன் வரைபடத்தை இறக்குங்கள். அதில் உங்கள் கணக்குப் படத்தைத் தொட்டால் வரும் பட்டியலில் இருக்கிறது. வடக்கே வாழைச்சேனை, தெற்கே பொத்துவில், மேற்கே மகாஓயா தாண்டியும் சதுரத்துக்குள் வரும்படி இழுங்கள். காட்டுப் பக்கம் சிக்னல் அறுந்தாலும் வழி அறாது. வாகன நெரிசல் மட்டும் தெரியாது.

வழிசொல்லும் குரலைத் தமிழுக்கு மாற்றலாம். "வலதுபுறம் திரும்பவும்" என்று செய்தி வாசிப்பதுபோல் சொல்லும், ஆனால் விளங்கும்.

இடத்தைத் தேடுவதில்தான் ஆட்கள் அலுத்துப்போகிறார்கள். களுவாஞ்சிகுடியை ஆங்கிலத்தில் எழுத வீ போடுவதா, டபிள்யூ போடுவதா, கடைசியில் ஐ போடுவதா, வை போடுவதா? பலகைக்குப் பலகை வேறு. அதனால் விசைப்பலகையில் தமிழ் (இலங்கை) சேர்த்து, ஒலிவாங்கிப் படத்தைத் தொட்டு, ஊர்ப்பெயரை மட்டும் சொல்லுங்கள். "பெரியம்மா வீட்டுக்குப் போகணும்" என்று வசனம் பேசினால் குழம்பும். பெரியம்மா வீட்டுக்கு ஒரேயொரு தடவை போய் நின்று, வரைபடத்தில் அந்த இடத்தை அழுத்திப் பிடித்துப் பெயரிட்டுச் சேமியுங்கள். ஒழுங்கைக்குப் பெயரே இல்லாத நம்ம ஊர்களில் இதைவிட நல்ல வழி இல்லை.

இதெல்லாம் கார் நிற்கும்போது செய்ய வேண்டியவை. ஓடும்போது போனைக் கையில் பிடித்தால் பொலிசாருக்குப் பதில் சொல்ல வேண்டிவரும். போன் தாங்கியைக் காற்றுத்துவாரத்தில் மாட்டுங்கள்; கண்ணாடியில் ஒட்டினால் நம்ம வெயிலுக்குப் போன் கொதித்து அணைந்துவிடும். எயார்பேக் மூடிக்கு முன்னால் எதுவும் வேண்டாம்.

படி 5: சத்தத்தைக் காருக்குள் கொண்டுவாருங்கள்

புளூடூத் இருந்தால் இணையுங்கள். இலக்கம் கேட்டால் 0000 அல்லது 1234 போட்டுப் பாருங்கள். இல்லையென்றால் போனையும் செட்டையும் நேரே இணைக்கும் ஆக்ஸ் வயர். அதுவும் இல்லாதவர்கள் சிகரெட் லைட்டர் துளையில் செருகி, போனின் சத்தத்தைக் கார் ரேடியோவுக்கு அனுப்பும் எஃப்எம் டிரான்ஸ்மிட்டர் வாங்குவார்கள். வாங்கியபின், "வேலை செய்யுதில்லை" என்று திருப்பிக் கொண்டுபோவார்கள்.

காரணம் இதுதான். நம்ம எஃப்எம் 108 மெகாஹேர்ட்ஸ் வரை போகும். ஜப்பான் ரேடியோ 76இல் தொடங்கி 90இல், புதியவை 95இல் நின்றுவிடும். டிரான்ஸ்மிட்டரை 100இல் வைத்தால் செட்டுக்குக் கேட்காது. 87.5க்கும் 90க்கும் இடையில், எந்த நிலையமும் இல்லாத ஒரு இடத்தில் டிரான்ஸ்மிட்டரையும் ரேடியோவையும் வையுங்கள். உள்ளூர் வானொலியும் வேண்டுமென்றால் அலைவரிசை எண்ணைக் குறைத்துக் கொடுக்கும் பாண்ட் எக்ஸ்பாண்டர் என்ற சிறு பெட்டியை அன்டெனா வயரில் மாட்டுவார்கள். 20 குறைக்கும் பெட்டியென்றால் 102 உங்கள் திரையில் 82ஆக வரும். அதை மாட்டினால் டிரான்ஸ்மிட்டரின் கணக்கும் மாறலாம், மறுகா என்னைத் திட்டவேண்டாம்.

படி 6: தெரிந்த வழியில் ஓடிப்பாருங்கள்

முதல் ஓட்டத்தைக் கொழும்புக்கு வைக்காதீர்கள். காத்தான்குடி தாண்டிக் களுவாஞ்சிகுடி வரை போய்வாருங்கள். குரல் எவ்வளவு முன்னால் சொல்கிறது, எந்தச் சந்தியில் பிந்துகிறது என்று பிடிபடும்.

புறப்படுமுன் வழித்தெரிவுகளில் 'படகுகளைத் தவிர்' என்பதைப் போட்டுவிடுங்கள். நான் போடவில்லை. மண்டூர்க் கோயிலுக்குப் போன அன்று, வரைபடத்தில் வாவிக்குக் குறுக்கே புள்ளிக்கோடு ஒன்று தெளிவாகத்தான் கிடந்தது. கவனிக்காதது என் பிழை. குருமண்வெளித் துறையில் கொண்டுபோய்க் காரை நிறுத்தினேன். பாதை வாவிக்கு அந்தப்பக்கம், படுவான்கரையில் நின்றது. வெளியூர் ஆட்களுக்கு: மட்டக்களப்பில் பாதை என்றால் றோட்டு மட்டுமில்லை, வாகனம் ஏற்றி வாவி கடக்கும் மிதவையும்தான். பட்டிருப்புப் பாலத்தால் சுற்றிப் போகலாம் என்று நான் காரைத் திருப்ப, அம்மா கதவைத் திறந்து இறங்கிவிட்டா. "பாதை வரட்டும், காத்து நல்லா வருது" என்றா.