ஒரு விரல் அசைந்தால் போதும்: ரோபோ கைக்கு வீட்டிலேயே கிரிப்பர் செய்யும் முறை

வீட்டில் செய்யும் கிரிப்பர்கள் (ரோபோ கையின் நுனியில் பொருளைப் பிடிக்கும் பாகம்) பெரும்பாலும் நண்டுக் கொடுக்கு மாதிரிதான் இருக்கும். இரண்டு விரல், நடுவே இரண்டு பல்சக்கரம், ஒரு சர்வோ (சொன்ன கோணத்துக்குத் திரும்பி நிற்கும் மோட்டார்). பார்க்க அழகு. ஆனால் உருண்டையான பொருளைக் கொடுத்தால் பிடிக்காது, முன்னால் பிதுக்கித் தள்ளிவிடும். விரல்கள் வளைந்து மூடும்போது இடைவெளி ஆப்பு வடிவமாகிவிடுவதே காரணம். இன்னொரு குறையும் உண்டு: சர்வோவின் முறுக்கு விசை இரண்டு விரலுக்கும் பாதி பாதியாகப் பிரிந்துபோகும்.

இங்கே சொல்லும் அமைப்பில் ஒரு விரல் நிலையாக நிற்கும். மற்றது மட்டும், சாயாமல், அதற்கு இணையாகவே நகரும். சம நீளமுள்ள இரண்டு பட்டைகள் அதைத் தாங்கும் இணைகர அமைப்பு இது; பல்சக்கரமே வேண்டாம். ஆர்பிடி (வடிவமைப்பும் தொழில்நுட்பமும்) பாடத்துக்கோ போட்டிக்கோ செய்யும் பிள்ளைகள், கத்தி, ரம்பம், துளைக் கருவி போன்ற எளிய கருவிகளை வைத்தே ஒரு சனிக்கிழமையில் முடித்துவிடலாம்.

கணக்கைப் பார்த்துவிடுவோம். எம்ஜி996ஆர் சர்வோ 6 வோல்ட்டில் அசையாமல் நின்று தள்ளும் முறுக்கு விசை சுமார் 11 கிலோ-செ.மீ. அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தொடர்ந்து வாங்கினால் சூடாகிக் கெடும். ஆக 3 கிலோ-செ.மீ., அதாவது 0.29 நியூட்டன் மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 60 மி.மீ. நீளமுள்ள இரண்டு நண்டு விரல்களின் நுனியில் இது வெறும் 2.4 நியூட்டன்தான். நாம் செய்யப்போவதில் சர்வோ ஓட்டும் இணைப்புப் பட்டை 30 மி.மீ. மட்டுமே. இணைகர அமைப்பில் நுனி விசையைத் தீர்மானிப்பது இந்தப் பட்டையின் நீளம்; விரல் எவ்வளவு நீண்டாலும் கணக்கு மாறாது. 0.29-ஐ 0.03-ஆல் வகுத்தால் 9.7 நியூட்டன். அதே சர்வோ, நான்கு மடங்கு பிடி.

எதைப் பிடிக்க? சிலாங்கூரின் பெஸ்தாரி ஜெயா பக்கம் (பத்தாங் பெர்ஜுந்தை என்றால்தான் பெரியவர்களுக்குப் புரியும்) கிரிப்பரைச் சோதிக்கச் செம்பனை உதிரிப்பழத்தைவிட நல்ல பொருள் கிடையாது. 1917-இல் மலேசியாவின் முதல் வணிகச் செம்பனை நடப்பட்ட தென்னமரம் தோட்டம் இந்தப் பக்கத்தில்தான். மரத்தடியில் சிதறும் உதிரிகள் 2 முதல் 5 செ.மீ. நீளம் இருக்கும், 3 கிராமிலிருந்து 30 கிராம் வரை எடை. எண்ணெய்ப் பிசுக்கு, ஒழுங்கில்லாத வடிவம், அழுத்தினால் நசுங்கும் தோல். இதைப் பிடிக்கிற கிரிப்பர் மற்றதையும் பிடிக்கும்.

தேவையான சாமான்கள். எம்ஜி996ஆர் சர்வோ ஒன்று, வட்டக் கொம்போடு (சர்வோவின் அச்சில் மாட்டும் வட்டத் தகடு). 4 அங்குல பிவிசி குழாய்த் துண்டு, சுவர் 3 மி.மீ. தடிமன், 12 செ.மீ. நீளம், வீடு கட்டுகிற இடத்தில் மிச்சம் கிடக்கும். ஒன்றரை அங்குல அலுமினிய எல்-கோணம், 2 மி.மீ. தடிமன், 20 செ.மீ.; அலுமினிய ஜன்னல் செய்யும் கடையில் வெட்டுத் துண்டாகவே கேளுங்கள். எம்3 துருப்பிடிக்காத திருகாணிகள், 12 மி.மீ., 30 மி.மீ. இரண்டு அளவிலும், உள்ளே நைலான் வளையம் உள்ள லாக் நட்டுகள், வாஷர்கள். பழைய பால்பாயிண்ட் பேனாவின் கூடு. கப்சாய் (சிறிய மோட்டார் சைக்கிள்) சக்கரத்தின் பழைய டியூப், மோட்டார் பட்டறையில் சும்மா கொடுப்பார்கள். தேய்ந்துபோன சிலிப்பர் ஒன்று. பஞ்சர் ஒட்டும் சொலூஷன். கட்டுப்படுத்த ஆர்டுயினோ ஊனோ பலகை, அல்லது பினாங்கு சைட்ரான் நிறுவனத்தின் மேக்கர் ஊனோ.

பிவிசி குழாயைத் தகடாக்குவது முதல் வேலை. நீளவாக்கில் ஒரு பக்கம் ரம்பத்தால் அறுத்து, கொதிநீரில் இரண்டு மூன்று நிமிடம் முக்குங்கள். 80 பாகை செல்சியஸுக்கு மேல் பிவிசி துணிபோலத் துவளும். இடுக்கியால் எடுத்து, விரித்து, இரண்டு தரை ஓடுகளுக்கு நடுவே வைத்து மேலே கனம் ஏற்றி ஆறவிடுங்கள். அடுப்பு நெருப்பில் நேரடியாகக் காட்டவே கூடாது. கருகினால் ஹைட்ரஜன் குளோரைடு ஆவி வரும், நுரையீரலுக்குக் கேடு. தகடாகிவிட்டபின் அதை மறுபடி கொதிநீரில் போடாதீர்கள்: பிவிசிக்கு நினைவு உண்டு, திரும்பக் குழாயாகச் சுருளப் பார்க்கும். முப்பரிமாண அச்சு எந்திரம் கையில் இருந்தால் அதிலும் செய்யலாம். ஆனால் பிஎல்ஏ பிளாஸ்டிக் 60 பாகையிலேயே இளகும். வெயிலில் நிறுத்திய காருக்குள் வைத்தால் கோணிப்போகும். பிஇடிஜி பிளாஸ்டிக் போடுங்கள்.

தகட்டிலிருந்து 100 × 70 மி.மீ. அடித்தட்டு ஒன்று, இணைப்புப் பட்டை இரண்டு. பட்டைகள் 42 மி.மீ. நீளம், 12 மி.மீ. அகலம், சர்வோவில் ஏறும் பட்டை மட்டும் அந்த முனையில் வட்டக் கொம்பின் அகலத்துக்கு விரிய வேண்டும். அலுமினியக் கோணத்தில் 100 மி.மீ. வெட்டினால் நிலை விரல், 70 மி.மீ. வெட்டினால் அசையும் விரல்.

இனி வருவதுதான் முழு வேலையின் உயிர்: துளைகள். பட்டைகள் இரண்டிலும் துளைக்குத் துளை 30 மி.மீ. அளந்து தனித்தனியாகத் துளைத்தால் கட்டாயம் அரை மி.மீ. பிசகும். பிசகினால் விரல் திறக்கும்போது ஒரு பக்கமும் மூடும்போது மறுபக்கமும் சாயும். ஆகவே இரண்டு பட்டைகளையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பிடிப்புக் கட்டையில் இறுக்கி, ஒரே மூச்சில் துளையுங்கள். முதல் துளை போட்டதும் அதில் ஒரு திருகாணியைச் செருகிவிட்டு இரண்டாவதைப் போடுங்கள், நகராது. 30 மி.மீ.க்குப் பதில் 30.4 வந்தாலும் கவலை இல்லை. இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அசையும் விரலின் படுத்த பக்கத்தில், அகலவாக்கில், வெளி விளிம்பிலிருந்து 8 மி.மீ.யில் ஒன்றும் 28 மி.மீ.யில் ஒன்றுமாக இரண்டு துளை. இடைவெளி 20 மி.மீ. விரலின் பின் முனையிலிருந்து 10 மி.மீ. தள்ளிப் போட்டால் முன்னால் 60 மி.மீ. நீண்டு நிற்கும். அடித்தட்டிலும் இதே 20 மி.மீ. வேண்டும்: ஒன்று சர்வோ அச்சின் மையம், மற்றது இரண்டாவது பட்டையின் ஊன்று துளை. அளவுகோலை நம்பாமல் விரலையே அச்சாக வைத்துக் குறியுங்கள். இந்த இரண்டு மையங்களும் விரலுக்குக் குறுக்கே அமைய வேண்டும், நீளவாக்கில் அல்ல. நீளவாக்கில் வைத்தால் பட்டைகள் நேர்கோட்டுக்கு வரும்போது அமைப்பு எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் புரண்டுவிடும்.

துளை 3 மி.மீ., அதற்கு மேல் வேண்டாம். 0.2 மி.மீ. தளர்ச்சிகூட விரல் நுனியில் அரை மி.மீ.க்கு மேல் ஆட்டமாகப் பெருகும்.

சர்வோவுக்கு அடித்தட்டில் செவ்வகம் வெட்டும்போது உங்கள் கையிலுள்ள சர்வோவை வைத்தே கோடு போடுங்கள். போலிகளின் அளவு ஒன்றுக்கொன்று மாறும். அதன் நீண்ட பக்கம் பின்னோக்கி இருக்கட்டும்.

கொம்பை மாட்டுமுன் சர்வோவுக்கு மின்சாரம் கொடுத்து (இணைப்பு கீழே), ஆர்டுயினோவிலிருந்து 1500 மைக்ரோ விநாடித் துடிப்பு, அதாவது நடுநிலைக் கட்டளை, அனுப்பி நிறுத்துங்கள். அந்த நிலையில்தான் பட்டை நேராக முன்னோக்கிப் பார்க்கும்படி மாட்ட வேண்டும். அச்சில் 25 பற்கள். ஒரு பல் 14.4 பாகை. மிகச் சரியாக நேராகாது, 7 பாகை வரை பிசகலாம். மிச்சத்தை நிரலில் சரிசெய்யுங்கள். கொம்பைப் பிடிக்கும் நடுத் திருகாணி எம்3 என்பதால், பட்டையின் 3 மி.மீ. துளை வழியாகவே அதை இறக்கினால் மையம் தானாகப் பொருந்தும். அடியில் முட்டாத நீளமாகப் பாருங்கள். பிறகு பட்டையையும் கொம்பையும் இரண்டு சின்னத் திருகாணிகளால் இணையுங்கள். நடுத் திருகாணி ஒன்றை மட்டும் நம்பினால் பட்டை வழுக்கும்.

கொம்பு ஏறியதும் பட்டை அடித்தட்டுக்கு மேலே சுமார் 1 செ.மீ. உயரத்தில் நிற்கும். அந்த இடைவெளியை அளந்து, பேனாக் கூட்டை அதே உயரத்துக்கு அறுத்து, இரண்டாவது பட்டைக்கு அடியில் தாங்கலாகக் கொடுங்கள். 30 மி.மீ. திருகாணி இங்கேதான். தாங்கல் குட்டையானால் விரல் சரிந்து உட்காரும், ஒவ்வொரு அசைவிலும் உராயும். விரல் இரண்டு பட்டைகளுக்கும் மேலே அமரட்டும், நிமிர்ந்த பக்கம் மேல்நோக்கி. லாக் நட்டை இறுகும் வரை திருகி, கால் சுற்றுத் திருப்பி விடுங்கள். சர்வோவைக் கழற்றிவிட்டுத் தட்டைச் சாய்த்துப் பிடித்தால் விரல் சொந்த எடையிலேயே சரிய வேண்டும். சரியாவிட்டால் எந்த இணைப்பு இறுக்கம் என்று ஒவ்வொன்றாகத் தளர்த்திப் பாருங்கள். சர்வோவின் பலத்தால் அதை மறைக்கப் பார்க்காதீர்கள்.

நிலை விரலைக் கடைசியாக வையுங்கள். அசையும் விரலை உள்பக்கம் 45 பாகை தள்ளி, விரல் முகங்களில் ஒட்டப்போகும் மெத்தைகளின் தடிமன் விட்டு, அங்கே நிலை விரலைக் குறித்து, அதே உயரத் தாங்கல்கள்மேல் மூன்று திருகாணியால் இறுக்குங்கள். அதன் படுத்த பக்கத்தை 20 மி.மீ.க்குக் குறைத்துக்கொண்டால் தட்டில் அடங்கும். இருபுறமும் 45 பாகை ஓட்டத்தில் விரல் 42 மி.மீ. திறக்கும். இரண்டு கடைக்கோடியிலும் நுனி 9 மி.மீ. பின்வாங்கும் என்பதை மனத்தில் வையுங்கள்; மேசையிலிருந்து சின்னப் பொருளை எடுக்கும்போது கையை அந்த அளவு முன்னே நகர்த்த வேண்டியிருக்கும்.

விரல்களின் முகத்துக்கு வருவோம். வெறும் அலுமினியம் எண்ணெய்ப் பழத்தைப் பிடிக்காது. சிலிப்பர் அட்டையில் 5 மி.மீ. தடிமன் வெட்டி ஒட்டி, அதன்மேல் டியூப் ரப்பர் ஒட்டுங்கள். டியூப்பைச் சோப்பு போட்டுக் கழுவி, உள்ளே இருக்கும் மாவை நீக்கி, உப்புத்தாளால் தேய்த்து, இரண்டு பக்கமும் சொலூஷன் பூசி, கையில் ஒட்டாத பதத்துக்குக் காய்ந்தபின் அழுத்துங்கள். ஈரமாக ஒட்டினால் மறுநாள் உரிந்துவிடும். பால்மரத்து ரப்பர் இங்கே ஏராளம் என்றாலும் எண்ணெய் பட்டால் அது உப்பிக் குழையும். டியூப்பில் வரும் பியூட்டைல் ரப்பர் சமையல் எண்ணெய் வகைகளைத் தாங்கும். நிலை விரலின் மெத்தையில் மட்டும் நடுவே செங்குத்தாக ஒரு வி-வடிவப் பள்ளம் வெட்டுங்கள். உருண்டைப் பொருள் அதில் இரண்டு இடமும் எதிர் விரலில் ஓரிடமுமாக மூன்று புள்ளியில் அமரும், உருளாது.

மின்சாரம்தான் அதிகம் பேர் தடுமாறும் இடம். சர்வோவை ஆர்டுயினோவின் 5 வோல்ட் முனையில் மாட்டினால், விரல் எதையாவது தொட்ட கணமே பலகை அணைந்து அணைந்து எரியும். யூஎஸ்பி வழி கிடைப்பது அரை ஆம்பியர். எம்ஜி996ஆர் முட்டி நிற்கும்போது இரண்டரை ஆம்பியர் வரை இழுக்கும். தனி மின்சாரம் கொடுங்கள். பழைய கப்சாய் பேட்டரி 12 வோல்ட் நல்ல மூலம். எக்ஸ்எல்4015 மின்னழுத்த மாற்றி வழியாக 6 வோல்ட்டுக்கு இறக்கி, பேட்டரிப் பக்கம் 3 ஆம்பியர் ஃபியூஸ் போடுங்கள். எல்எம்2596 மாற்றி மலிவு, ஆனால் 2 ஆம்பியரிலேயே கொதிக்கும். சர்வோவை இணைக்குமுன் மாற்றியின் வெளியீட்டை மல்டிமீட்டரில் பார்த்தே தீர வேண்டும்: 7.2 வோல்ட்டைத் தாண்டினால் சர்வோ போச்சு. 18650 லித்தியம் மின்கலம் இரண்டைத் தொடராக நேரே மாட்டினாலும் 8.4 வோல்ட் ஏறும். பழுப்புக் கம்பி எதிர்முனை, சிவப்பு நேர்முனை, ஆரஞ்சு சைகை. மாற்றியின் எதிர்முனையும் ஆர்டுயினோவின் ஜிஎன்டி (GND) முனையும் சேர்ந்தே ஆக வேண்டும். சேராவிட்டால் சர்வோ வெறிபிடித்ததுபோல் துடிக்கும். சர்வோவுக்குப் பக்கத்தில் 1000 மைக்ரோஃபாரட் 16 வோல்ட் மின்தேக்கி ஒன்று, முனை மாறாமல்.

நிரல் சின்னது. பாகைக்கு ஏறக்குறைய 10 மைக்ரோ விநாடி என்று கொண்டால் 1050-க்கும் 1950-க்கும் இடையே ஓட்டம். 20 மில்லி விநாடிக்கு ஒருமுறை 10 மைக்ரோ விநாடி நகர்த்துங்கள். முழுத் திறப்பிலிருந்து மூட இரண்டு விநாடிக்குள்தான் ஆகும். ஒரே தாவலாக மூடச் சொன்னால் பழம் தெறிக்கும்.

தொட்டபின் எவ்வளவு அழுத்துவது? முழுதும் மூடு என்று கட்டளை கொடுத்துவிட்டு நடுவே பொருளை வைப்பதுதான் சர்வோக்கள் எரிவதற்கு முதற்காரணம். அது போய்ச் சேராத இடத்துக்குப் போகத் தள்ளிக்கொண்டே இருக்கும். தொட்ட இடத்திலிருந்து 4 பாகை, அதாவது 40 மைக்ரோ விநாடி மட்டும் கூடுதலாக மூடுங்கள். 30 மி.மீ. பட்டையில் அது 2 மி.மீ. நகர்வு, சிலிப்பர் மெத்தை அந்த 2 மி.மீ. அமுங்கி, தானே வில்லாகப் பிடித்துக்கொள்ளும். 20 கிராம் பழத்துக்கு வேண்டிய விசை, உராய்வுக் கெழு எண்ணெயில் 0.2-க்கு இறங்கினாலும், மும்மடங்குப் பாதுகாப்போடு 1.5 நியூட்டன்தான். 140 கிராம் டி அளவு மின்கலத்துக்குக் கெழு 0.6 என்று கொண்டால் மூன்றரை நியூட்டன்.

சோதிக்கும் வரிசை: முதலில் மின்கலம், அடுத்து உதிரிப்பழம், கடைசியில் காடை முட்டை. முட்டை உடைந்தால் 40-ஐ 20 ஆக்குங்கள். மின்கலம் நழுவினால் எண்ணைக் கூட்டுமுன் ரப்பரைத் துடைத்துப் பாருங்கள், பெரும்பாலும் அழுக்குதான். பிடித்தபடியே சர்வோ ரீங்காரமிட்டால் கூடுதல் மூடலைக் குறையுங்கள். ஒரு நிமிடம் பிடித்தபின் சர்வோவின் கூட்டில் விரல் வைக்க முடியாத சூடு இருந்தால் எங்கோ ஓர் இணைப்பு இறுகியிருக்கிறது.

கையில் பொருத்தும்போது சர்வோ இருக்கும் பக்கம் மணிக்கட்டை ஒட்டி இருக்கட்டும். கிரிப்பர் மொத்தம் 170 கிராம் அளவில் வரும், 25 செ.மீ. நீளக் கையின் நுனியில் அதுவே தோள் சர்வோவிடமிருந்து 4 கிலோ-செ.மீ.க்கு மேல் தின்றுவிடும், இன்னும் எதையும் தூக்காமலே. அடித்தட்டில் வேலை செய்யாத மூலைகளை அறுத்து எறியுங்கள். பழம் பொறுக்கியபின் மெத்தையைச் சோப்பு நீர்த் துணியால் துடைத்து, லாக் நட்டுகளை மாதம் ஒருமுறை தொட்டுப் பாருங்கள். பிவிசி துளைகள்தான் முதலில் தேயும். தேய்ந்தால் இரண்டு பட்டைகளையும் சேர்த்தே மாற்றுங்கள், ஒன்றை மட்டும் அல்ல.