முதலில் ஊர்ப் பெயரைப் படியுங்கள்

பழைய அமெரிக்க நோட்டு ஒன்றை யாராவது என் கையில் கொடுத்தால், எத்தனை டாலர் என்று நான் பார்ப்பதில்லை. எந்த ஊர் வங்கி என்றுதான் பார்ப்பேன். 1863 முதல் 1935 வரை அந்நாட்டில் 12,000-க்கும் மேற்பட்ட தேசிய வங்கிகள் (மத்திய அரசின் உரிமம் பெற்ற தனியார் வங்கிகள்) தத்தம் பெயரில் நோட்டு வெளியிட்டன. பெருநகர வங்கிகளின் நோட்டுகள் இன்றும் ஏராளம். சில ஆண்டுகளே நடந்து மூடப்பட்ட சிற்றூர் வங்கியின் நோட்டோ இரண்டு மூன்றுதான் மிஞ்சியிருக்கும். இரண்டும் பத்து டாலர்தான். விலையிலோ மலைக்கும் மடுவுக்குமான வேறுபாடு.

அடுத்து, சார்ட்டர் எண். ‘ஃபர்ஸ்ட் நேஷனல் பாங்க்’ ஊருக்கு ஊர் இருந்ததால், அரசு கொடுத்த இந்த எண்தான் வங்கியை அடையாளம் காட்டும். பிலடெல்பியா வங்கிக்கு எண் 1.

பிறகு வரிசை, அதாவது நோட்டில் அச்சிட்டிருக்கும் ஆண்டு. 1929 வரிசை இன்றைய டாலர் அளவு, அதில் அச்சிட்ட கருவூல முத்திரை பழுப்பு நிறம். முந்தையவை பெரியவை, சுமார் 19 செ.மீ. நீளம். 1902 வரிசையில் சிவப்பு முத்திரை கண்டால் நிதானியுங்கள். நீலத்தைவிட அது பொதுவாக அரிது. இரண்டு டாலர் நோட்டில் 2 என்ற எண் படுத்திருந்தால் அது ‘லேஸி டியூஸ்’. அவசரப்பட்டு விற்றுவிடாதீர்கள். 1912-இல் மாநிலங்களாவதற்கு முன் அரிசோனாவிலும் நியூ மெக்சிகோவிலும் ‘டெரிட்டரி’ என்று அச்சிட்டு வந்தவற்றுக்கும் பெரும் போட்டி உண்டு.

எனக்கு மிகவும் பிடித்தது கையெழுத்து. பெரிய நோட்டுகள் வாஷிங்டனிலிருந்து முழுத்தாளாக வந்தன. வங்கித் தலைவரும் காசாளரும் கையொப்பமிட்ட பிறகு கத்தரித்தார்கள். ஆகவே ஓரம் கோணலாக இருந்தால் போலி என்று முடிவுகட்ட வேண்டாம். சிலர் கையொப்பத்துக்குப் பதில் ரப்பர் முத்திரை குத்தினார்கள். பேனா மை என்றால் என் மனம் நிறைந்துவிடும்.

தயவுசெய்து கழுவாதீர்கள், இஸ்திரி போடாதீர்கள். நண்பர் ஒருவர் தாத்தாவின் பெட்டியில் கிடைத்த நோட்டை நல்லெண்ணத்தோடு இஸ்திரி போட்டு நீட்டினார். விரலுக்குத் தட்டுப்படவேண்டிய அச்சின் புடைப்பு தட்டையாகியிருந்தது. எனக்கு நெஞ்சு பதறிவிட்டது.

விலைக்கு, விற்பவர் சொல்லும் தொகையை நம்பாதீர்கள். அந்த வங்கியின் நோட்டுகள் எத்தனை பதிவாகியுள்ளன என்று நேஷனல் கரன்சி ஃபவுண்டேஷன் கணக்கெடுப்பில் பாருங்கள். பிறகு ஹெரிடேஜ் போன்ற ஏல நிறுவனங்களில் உண்மையில் விலைபோன தொகையை, அதே வரிசை, அதே தரத்தோடு ஒப்பிடுங்கள். நோட்டின் நிலையைக் குறிக்கும், 70 வரை செல்லும் தர எண்ணில் 12 மட்டுமே பெற்ற நோட்டும், வங்கி அரிதானால், நல்ல விலை போகும். மலிவான பிவிசி உறை வேண்டாம். பாலியெஸ்டர் உறையிலிட்டு, இரு பக்கமும் படமெடுத்த பிறகே யாரிடமும் காட்டுங்கள்.