பாம்பன் பையனுக்குச் சக்தி கொடுப்பதற்கு முன்

எட்டு முதல் பன்னிரண்டு வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு எழுதும் சாகசக் கதைகளில் ஒரு நோஞ்சான் கட்டாயம் வருவான். யாரும் அவனை ஆட்டத்துக்குச் சேர்ப்பதில்லை. மூன்றாம் அத்தியாயத்தில் சக்தி கிடைக்கிறது, நான்காம் அத்தியாயத்தில் எல்லோரையும் அடித்துப் போடுகிறான். உண்மையில் கதை அங்கேயே முடிந்துவிட்டது. மீதி நூறு பக்கம் வாணவேடிக்கைதான்.

சக்தி வந்த பிறகும் பழைய குறை அப்படியே இருக்க வேண்டும். முடிந்தால் சக்தியே அந்தக் குறையைக் கூட்ட வேண்டும். கீழக்கரைப் பக்கத்துச் சிறுமி ஒருத்திக்கு மூச்சடக்கும் சக்தி கொடுக்கிறீர்கள் என்று வையுங்கள். சங்கு குளிப்பவர்கள் ஒன்று, ஒன்றரை நிமிடம் தாங்குவார்கள், இவள் பத்து நிமிடம் தாங்குகிறாள். ஆனால் காது? பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேலே இருப்பதைப்போல் இரண்டு மடங்கு. மூக்கைப் பிடித்து ஊதிச் சமன்செய்யாமல் இறங்கினால் செவிப்பறை கிழியலாம். இவளோ சின்ன வயதிலிருந்தே காது மந்தம் என்று கேலி கேட்டவள். மூச்சு இருக்கிறது, காது விடாது. ஒவ்வொரு முறை முங்கும்போதும் இருக்கிற கேட்கும் திறனைப் பணயம் வைக்கிறாள். இப்போதுதான் வாசிக்கிற பிள்ளைக்கு வயிற்றைக் கலக்கும்.

எவ்வளவு நேரம், என்ன விலை, எப்போது வேலை செய்யாது என்ற மூன்றையும் முதல் வரி எழுதுவதற்கு முன்பே ஒரு தாளில் குறித்துவிடுங்கள். கடைசிச் சண்டையில் புதிதாக ஒரு சக்தி முளைத்தால் பத்து வயதுக்காரர்கள் உடனே பிடித்துவிடுவார்கள். அழுகுணி ஆட்டத்தை அவர்களைவிட நன்றாக அறிந்தவர் யார்?

அடுத்த சறுக்கல், கடலை ஒரே கடலாக எழுதுவது. பாம்பன் தீவுக்குத் தெற்கே மன்னார் வளைகுடா, வடக்கே பாக் விரிகுடா. தென்மேற்குக் காற்றுக் காலத்தில் தென்கடல் கொந்தளிக்கும்போது வடகடல் அடங்கிக் கிடக்கும். வாடை பிறந்தால் இது தலைகீழ். ஜூலை மாதத்தில் வடகடலில் மலைபோல் அலை எழுப்பினால் உள்ளூர்ப் பிள்ளை சிரிக்கும். ஆழமில்லாத பாக் விரிகுடாவில் நூறு மீட்டருக்குக் கீழே ரகசியக் குகை வைப்பதும் அப்படித்தான். மாறாக, துரத்தப்படும் பிள்ளைகள் நீரோட்டம் இழுக்கும் பாம்பன் கால்வாயைத் தாண்டி மறுகடலுக்குப் போனால், திருப்பத்தைக் கடலே போட்டுக் கொடுத்துவிடும்.

பெரியவர்களை வழியிலிருந்து விலக்கப் பலர் அப்பாவைக் கொன்றுவிடுகிறார்கள். தேவையே இல்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும், வருமானம் இருக்காது, அப்பா கேரளாப் பக்கம் வேலைக்குப் போயிருப்பார். மே மாதம் பள்ளிக்கும் விடுமுறை. நாட்டுப்படகுக்குத் தடை இல்லாததால் பிள்ளைகளுக்கு ஒரு வள்ளமும் கிடைத்துவிடும்.

வில்லனுக்கு அரக்கன் வேண்டாம், கடல் அட்டை (கடலடியில் ஊரும், வெள்ளரிக்காய் போன்ற உயிரினம்) கடத்துபவன் போதும். 2001 முதல் அதைப் பிடிப்பதே குற்றம். ஆனால் அவனைப் பிள்ளைகள் அடித்து வீழ்த்துவது நம்பும்படி இருக்காது. ஆதாரத்தைக் கண்டுபிடித்து கடலோரக் காவல் நிலையத்தில் சேர்ப்பது வரைதான் அவர்கள் வேலை. அதற்காக மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் ஒன்றில் இறங்கினால், வனத்துறை அனுமதியில்லாமல் அங்கே கால்வைக்கக் கூடாது என்பதையும் கதைக்குள் கொண்டுவாருங்கள். மாட்டினால் யாரும் நம்பமாட்டார்கள் என்ற பயம் எந்த மந்திரத்தையும்விட நன்றாக வேலை செய்யும்.

நான்கு பிள்ளைகளுக்கு மேல் வேண்டாம். ஐந்தாவது ஆளின் பெயரை நீங்களே மறந்துவிடுவீர்கள்.

பேச்சு கடைசி. கீழக்கரை முஸ்லிம் வீட்டுப் பிள்ளை அப்பாவை வாப்பா, அம்மாவை உம்மா, அண்ணனைக் காக்கா என்றுதான் அழைக்கும். வள்ளம் கவிழப்போகிற நேரத்தில் அவளை "அண்ணா, கயிற்றை விடுவியுங்கள்" என்று பேசவைக்காதீர்கள். "காக்கா, கயித்த விடுங்க!"