பதில் போகாத ரிக்வெஸ்ட்: கால்பேக் ரூட்டிங்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சர்வரில் ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் நோட்.ஜேஎஸ்ஸில் புதிதாக எழுதுபவர்களின் நிரலைக் கொஞ்ச நாளாகத் தொடர்ந்து படித்து வருகிறேன். ஆரம்பத்தில் நான் செய்த அதே தவறுகள் அப்படியே திரும்ப வருகின்றன. விடுபட்ட அடைப்புக்குறி, எழுத்துப்பிழை போன்றவற்றை எடிட்டரே காட்டிவிடும், அவற்றை விட்டுவிடுகிறேன். சர்வர் சத்தமில்லாமல் தவறு செய்யும் இடங்கள்தான் என் கவலை.

ரூட் வரிசை

நோட்.ஜேஎஸ்ஸில் சர்வர் எழுத உதவும் எக்ஸ்பிரஸ், ரூட்களை (எந்தப் பாதைக்கு எந்த ஃபங்ஷன் என்ற விதிகளை) நாம் எழுதிய வரிசையிலேயே பொருத்திப் பார்க்கும். ‘/பயனர்/:ஐடி’ மேலேயும் ‘/பயனர்/புதிது’ கீழேயும் இருந்தால், ‘புதிது’ என்பதையே ஐடி என்று எடுத்துக்கொண்டு டேட்டாபேஸில் தேடும். மாறாத பாதையை மேலே எழுதுங்கள்.

கால்பேக்கைக் கொடுங்கள், கூப்பிடாதீர்கள்

கால்பேக் என்பது பிறகு கூப்பிடச் சொல்லி நாம் கொடுக்கும் ஃபங்ஷன். அதன் பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறி போட்டால் அது அப்போதே ஓடிவிடும்.

பதில் சொல்லாத கிளை

இத்தனை வருடம் கழித்தும் எனக்கு எரிச்சல் தருவது இதுதான். ஃபங்ஷன் முடிந்தால் ரெஸ்பான்ஸும் போய்விடும் என்று நினைக்கிறோம். இங்கே அப்படி இல்லை. கால்பேக் முடிவது வேறு, ரெஸ்பான்ஸ் முடிவது வேறு. ‘ரெஸ்.எண்ட்’ அல்லது ‘ரெஸ்.செண்ட்’ கூப்பிடாதவரை அந்த சாக்கெட் (கிளையன்டோடு உள்ள இணைப்பு) திறந்தே கிடக்கும்.

நான் எழுதிய ஒரு ரூட்டில் டேட்டாபேஸ் எர்ரர் வந்தால் லாகில் ஒரு வரி எழுதிவிட்டு ரிட்டர்ன் செய்துவிட்டேன். எர்ரர் வராத வழியை மட்டும்தான் சோதித்திருந்தேன். பிறகு ஒருநாள் டேட்டாபேஸ் இணைப்பு விட்டு விட்டு அறுந்தது. திறந்த கனெக்‌ஷன்கள் ஏறிக்கொண்டே போயின, சிபியு மட்டும் சும்மா இருந்தது. அன்று முழுக்க நெட்வொர்க்கைச் சந்தேகப்பட்டோம். கடைசியில், முன்னால் நின்று ரிக்வெஸ்டுகளை எங்கள் சர்வருக்குக் கடத்தும் என்ஜின்எக்ஸின் லாகைத் திறந்தேன். வரிசையாக 504 (காத்திருந்தும் பதில் வரவில்லை என்ற எர்ரர்), ஒவ்வொன்றின் நேரமும் 60 நொடியை ஒட்டியே இருந்தது. பின்னால் இருக்கும் சர்வருக்காக என்ஜின்எக்ஸ் இயல்பாகக் காத்திருக்கும் நேரம் அதுதான். உண்மையிலேயே மெதுவான சர்வர் என்றால் 12, 31, 48 என்று நேரம் சிதறியிருக்கும். எல்லாம் ஒரே எண்ணில் நின்றால், யாரோ பதிலே அனுப்பவில்லை என்று பொருள்.

நோட் நம்மைக் காப்பாற்றும் என்றும் இருந்துவிடாதீர்கள். முன்பு சும்மா கிடக்கும் சாக்கெட்டை 2 நிமிடத்தில் மூடிவிடும். பதிப்பு 13 முதல் ‘சர்வர்.டைம்அவுட்’ இயல்பாகவே 0, அதாவது வரம்பே கிடையாது. ‘ரிக்வெஸ்ட்டைம்அவுட்’ என்று ஒன்று இருக்கிறதே என்பீர்கள். அது கிளையன்ட் தன் ரிக்வெஸ்டை அனுப்பி முடிப்பதற்கான கெடு, நம் பதிலுக்கு அல்ல.

அசிங்க் ஃபங்ஷனிலும் இதே கதைதான். எக்ஸ்பிரஸ் 4, ரிஜெக்ட் ஆன பிராமிஸை (தோல்வியில் முடிந்த அசிங்க் வேலையை) கண்டுகொள்ளாது. கேட்ச் இல்லையென்றால் ரிக்வெஸ்ட் தொங்கும். நோட் 15 முதல் அந்த எர்ரர் பிராசஸையே சாய்த்துவிடும். எக்ஸ்பிரஸ் 5 அதைத் தானே எர்ரர் ஹேண்ட்லருக்கு அனுப்பிவிடுகிறது, ஆனால் பழைய பாணிக் கால்பேக்குக்குள் நடப்பது அதன் கண்ணிலும் படாது.

இப்போது யாருடைய நிரலைப் பார்த்தாலும் முதலில் ‘இஃப்’, ‘கேட்ச்’ ஒவ்வொன்றிலும் விரல் வைத்து, இங்கிருந்து பதில் எப்படிப் போகிறது என்று கேட்கிறேன். சரியாக ஒரு பதில் போக வேண்டும். எர்ரரை அனுப்பிவிட்டு ‘ரிட்டர்ன்’ போட மறந்தால் இரண்டாவது பதிலும் கிளம்பும். ஹெடர்கள் ஏற்கெனவே போய்விட்டன என்று நோட் கத்தும். கத்துகிற தவறை அன்றே பிடித்துவிடலாம்.

‘ரீட்ஃபைல்சிங்க்’

ஃபைலைப் படித்து முடிக்கும்வரை நகராத இந்த ஃபங்ஷன் ஹேண்ட்லருக்குள் (ரிக்வெஸ்டுக்குப் பதில் தரும் ஃபங்ஷனுக்குள்) வேண்டவே வேண்டாம். அது முடியும்வரை மற்ற எல்லா ரிக்வெஸ்டும் காத்து நிற்கும்.

எர்ரர் ஹேண்ட்லரின் நான்காவது ஆர்க்யுமென்ட்

‘நெக்ஸ்ட்’ பயன்படவில்லை, எடுத்துவிடு என்று லின்டர் (நிரலைச் சரிபார்க்கும் கருவி) சொல்லும். எடுக்காதீர்கள். ஆர்க்யுமென்ட் நான்கு இருந்தால்தான் எக்ஸ்பிரஸ் அதை எர்ரர் ஹேண்ட்லர் என்று அடையாளம் காணும். மூன்றானால் அது சாதாரண மிடில்வேர் (ரிக்வெஸ்ட் போகும் வழியில் ஓடும் ஃபங்ஷன்), எர்ரர் அந்தப் பக்கமே வராது.